மணிமொழி கத்திய சொல்

மணிமொழிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அப்பா மருதமுத்து. அவர் வீட்டில் பேசியது தெலுங்கு. நெய்வேலியில் முதல் சுரங்கத்துக்காகப் பூமியைக் கிழித்த காலத்தில், நெல்லூர்ப் பக்கத்திலிருந்து மண் வெட்ட வந்த கூட்டத்தோடு அவருடைய தகப்பன் வந்து சேர்ந்தார். பெரிய இயந்திரங்கள் வந்து இறங்கியதும் மண்வெட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. திரும்பிப் போகலாம் என்றால் ஊரில் ஒரு குழி நிலமும் கிடையாது. மந்தாரக்குப்பத்தின் கடைசியில் குடிசை போட்டுக்கொண்டு, கிடைத்த கூலி வேலையைச் செய்தார்கள்.

மருதமுத்து பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். ஆனாலும் டீக்கடையில் அவர் வாய் திறந்தால், பேச்சில் இருந்த ஏதோ ஒரு வளைவு காட்டிக்கொடுத்துவிடும். யாராவது ஒருத்தர் "கொல்டி" என்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். மகளுக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம் என்று நினைத்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைப் பிடித்து, கேட்டவுடனே தமிழ் என்று தெரிகிற பெயராக வாங்கி வந்து வைத்தார்.

வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. வாசலுக்கு உள்ளே தெலுங்கு, தாண்டினால் தமிழ். மணிமொழி நடக்கப் பழகும்போதே இதற்கும் பழகிவிட்டாள். உள்ளே 'ரா', வெளியே 'வா'. உள்ளே 'நீள்ளு', வெளியே 'தண்ணி'. உள்ளே 'சாலு', வெளியே 'போதும்'. சாலு என்பதை முதல் எழுத்தில் அழுத்தி, ச்சாலு என்று சொல்வார்கள். பழந்தமிழிலும் சாலும் என்றால் போதும் என்றுதான் பொருள். இரண்டும் ஒரே வேரில் கிளம்பியவையாக இருக்கும். அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தட்டில் சோறு விழும்போது கையைக் குறுக்கே நீட்டிச் சொல்கிற சொல் அது. அம்மா விளக்குமாற்றால் அடிக்கும்போது அழுதுகொண்டே சொல்கிற சொல்லும் அதுதான்.

டவுன்ஷிப்பில் ஒரு கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனபோது ராஜாங்கம் பழக்கமானான். வடலூருக்குப் பக்கத்துக் கிராமத்து ஆள். பரம்பரையாக நிலம் கிடையாது. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. என்றாவது பெர்மனென்ட் ஆகிவிடும் என்று அவனும் மற்றவர்களைப் போலவே நம்பிக்கொண்டிருந்தான். இரண்டு வீட்டாரும் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்துக் கல்யாணம் நடந்தது. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. முதல் வாரமே ராஜாங்கம், கொஞ்சுகிற குரலில்தான், இந்த வீட்டில் உங்கள் பாஷை வேண்டாம் என்று சொன்னான். மணிமொழி சரி என்றாள். ஆனால் குழந்தை பிறந்த பிறகு, அதைத் தாலாட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் வேறு மொழி அவளுக்கு வரவில்லை. அவன் ஷிப்டுக்குப் போயிருக்கிற நேரத்தில் அடங்கிய குரலில் பேசிக்கொள்வாள்.

மகள் சத்யப்பிரியாவுக்குப் பேச்சு வந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜாங்கத்தோடு வேலை செய்கிறவர்கள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். குழந்தை அவர்கள் நடுவே போய் நின்று, "அம்மா, நீள்ளு" என்றது. ஒருவன் சிரித்துவிட்டு, ஆந்திராவையே வீட்டுக்குள் வைத்திருக்கிறாயே என்று ராஜாங்கத்தின் முதுகில் தட்டினான். ராஜாங்கமும் சிரித்தான். அவர்களைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்தி, மணிமொழியின் வாயிலேயே குத்தினான். உதடு கிழிந்தது. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டே இருந்து, பிறகு தானாக விழுந்தது.

அதற்குப் பின் அந்த வீட்டில் அவள் ஒரு சொல்கூடத் தெலுங்கில் பேசவில்லை. போனில் அவள் அம்மா தெலுங்கில் பேசினால் இவள் தமிழில் பதில் சொல்வாள். மகளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லி வருத்தப்பட்டாள்.

சத்யப்பிரியா பெரியவளானதும் மணிமொழி கொளஞ்சிநாதனின் சாம்பல் கல் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். கம்பெனி என்று சொன்னார்களே தவிர, வடலூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, முந்திரித் தோப்பை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகைதான். அனல் மின் நிலையத்துச் சாம்பலோடு கிரஷர் பவுடரும் சிமெண்டும் கலந்து செங்கல் மாதிரி அழுத்தி எடுப்பார்கள். கொளஞ்சிநாதனின் குடும்பம் காலம் காலமாக விவசாயம் பார்த்தது. நிலம் சுரங்கத்துக்குப் போனபின் வந்த பணத்தில் இந்த இயந்திரங்களை வாங்கிப் போட்டார். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. தீபாவளிக்குப் பெண்களுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். மிக்சருக்கு மேல் இருந்த இரும்பு மூடியைக் கழற்றி ஓரமாகச் சாத்தியதும் அவர்தான். மூடி இருந்தால் வேலை தாமதமாகிறது. சிவப்பு நிறுத்து பொத்தான் உடைந்தபோது, வயர்களை முறுக்கி டேப் சுற்றச் சொன்னதும் அவர்தான்.

மிக்சர் என்பது ஓர் ஆள் நின்று குனியக்கூடிய அகலமான இரும்புத் தொட்டி. நடுவே கனமான உருளையும் பிளேடுகளும் சுழலும். சாம்பல் படியக்கூடாது என்று சுவிட்ச் போர்டைத் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். போர்டில் நிற்கிறவனுக்குத் தொட்டி தெரியாது. எல்லாம் குரல்தான். கம்பெனியில் பாதி ஆட்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள் என்பதால், நாளடைவில் ஒரு கலப்படப் பேச்சு உண்டாகியிருந்தது. ஓடவிட வேண்டுமானால் தமிழில் 'போடு'. நிறுத்த வேண்டுமானால் இந்தியில் 'பந்த்'. மணிமொழியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போர்டில் நின்றவன் புத்ராம். ஜார்கண்டிலிருந்து வந்தவன். அவன் ஊரிலும் நிலக்கரிச் சுரங்கம்தானாம். அங்கே அவன் குடும்பத்து நிலமும் போயிருந்தது. வீட்டில் அவன் பேசியது இந்திகூட இல்லை, வேறொரு மொழி. அதன் பெயரை இங்கே யாரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவன் இந்திக்காரன், கூப்பிடும்போது புத்து. கரையான் புற்றைத்தான் இங்கே புத்து என்பார்கள் என்று பிறகு தெரிந்தபோது அவனும் சிரித்தான். ஊரில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள். அவர்களுடைய போட்டோவைப் போனில் வைத்திருந்தான். மணிமொழியை 'தீதி' என்பான். தீதி என்றால் அக்கா. அவள் கொண்டுவரும் குழம்பில் அவனுக்கும் கொஞ்சம் ஊற்றுவாள். அவன் அதற்குப் பதிலாக அவளுடைய சாம்பல் கூடையைத் தூக்கிக் கொடுப்பான். சொல்லால் பேசிக்கொண்டது மிகக் குறைவு.

போன வருஷம் ஆடி மாசம். காற்றில் கொட்டகைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் தொட்டியில் ஒட்டிய கலவையைச் சுரண்ட வேண்டும். விட்டால் காய்ந்து இறுகிவிடும். மெயினை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. ஆனால் பிளேடுக்கு அடியில் இருப்பதைச் சுரண்ட அது நகர வேண்டும். அதனால் ஒருவர் சுவிட்சைத் தட்டித் தட்டி நகர்த்த, இன்னொருவர் சுரண்டுவார். பாவாடை என்று ஒரு மேஸ்திரி, நேரமாகிறது என்று சத்தம் போட்டுவிட்டு லாரியைப் பார்க்கப் போனார். மணிமொழி புடவைக்கு மேல் ராஜாங்கத்தின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள். தொட்டியின் விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"போடு" என்றாள். புத்ராம் தட்டினான். பிளேடு ஒரு முழம் நகர்ந்து நின்றது. சுரண்டினாள். மறுபடி "போடு" என்றாள். இந்த முறை பிளேடு நகர்ந்தபோது சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டது. கை உருளைக்கு அடியில் போய் மணிக்கட்டு நசுங்கியது.

அந்த வலியில் அவள் வாயில் பந்த் வரவில்லை. போதும் வரவில்லை. எந்த வயதில் அடிபட்டபோது கத்தினாளோ அந்த வயதின் சொல் வந்தது. "சாலு" என்று கத்தினாள். "சாலு, சாலு, சாலு."

தகரத்துக்கு அந்தப் பக்கம் புத்ராம் அதைத் தெளிவாகக் கேட்டான். இந்தியில் சாலு என்றால் ஓடவிடு, நிறுத்தாதே. இதையும் தீதி இந்தியிலேயே சொல்கிறாளே என்று அவனுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்ததாம். தட்டுவதை விட்டுவிட்டு சுவிட்சை முழுதாகப் போட்டான். அவள் மேலும் மேலும் கத்தினாள். அவன் கையை எடுக்கவில்லை. சத்தம் சொல்லாக இல்லாமல் வெறும் அலறலாக மாறிய பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. அணைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தான். அவளுடைய வலது கை தோள் வரை சாம்பல் கலவைக்குள் இருந்தது. இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுற்றி எடுக்கத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். அவன்தான் எடுத்தான். எடுத்தபோது முழங்கைக்குக் கீழே கை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

முதலில் அவனை அறைந்தவர் பாவாடை. மின்சாரத்தோடு சுரண்டவிட்டது தன் தப்பு என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு வேகமாக அறைந்தார் என்று தோன்றுகிறது. மணிமொழியை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாலையில் பகல் ஷிப்ட் முடிந்து போனவர்கள் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்கள். வடக்கத்தியான் ஒரு பெண்பிள்ளையை மிஷினில் தள்ளிவிட்டான் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். கல் அடுக்கும் பலகைகள் கைக்கு வந்தன. புத்ராம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ஒரே வாக்கியத்தையே சொன்னான்.

"தீதி நே சாலு போலா. தீதி நே சாலு போலா."

அக்கா ஓடவிடச் சொன்னாள் என்று அதற்குப் பொருள். கூட்டத்தில் பம்பாயில் சில வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவன் இருந்தான். அவனுக்கு இந்தி தெரியும் என்று பெயர். சாலு என்றால் இந்தியில் இன்னொரு பொருளும் உண்டு. ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால், அவள் நடத்தை சரியில்லாதவள் என்று ஆகும். அவனுக்குத் தெரிந்திருந்தது அந்தப் பொருள் மட்டும்தான்.

"கையையும் எடுத்துட்டு, அந்தம்மாவ அசிங்கமா வேற திட்டிக்கினு நிக்கறான்" என்றான்.

அதற்கு முன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அப்போது அடித்தார்கள். புத்ராம் நிறுத்தாமல் அதையே சொன்னான், அவர்கள் நிறுத்தாமல் அடித்தார்கள். போலீஸ் வருவதற்குள் பலகையின் ஆணி ஒன்று அவனுடைய இடது கண்ணில் இறங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மணிமொழிக்கு நினைவு திரும்பியபோது தோளுக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம் இருந்தது. ஏட்டு ஒருவர் வாக்குமூலம் வாங்க வந்தார். ராஜாங்கம் கட்டில் பக்கத்தில் நின்றான். மிஷினில் கை மாட்டியதும் என்ன சொல்லிக் கத்தினாய் என்று ஏட்டு கேட்டார்.

"போதும் போதும்னு கத்தனேங்க" என்றாள் மணிமொழி.

பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. உள்ளே சொன்னதை வெளியே வந்தால் தமிழில் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து அதைத்தான் செய்து வந்திருக்கிறாள். பக்கத்தில் ராஜாங்கம் வேறு நிற்கிறான். ஏட்டு தலையை ஆட்டினார். அந்தப் பையன் ஏதோ நீங்கள் இந்தியில் ஓடவிடச் சொன்னதாகக் கதை விடுகிறான் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். மருந்து மயக்கத்தில் இருந்த மணிமொழிக்கு அது காதில் விழுந்தும் விழாமலும் போயிற்று.

புத்ராம் மீது கொலை முயற்சி வழக்குப் பதிவாயிற்று. ஜாமீன் எடுக்க ஆள் இல்லாமல் கிளைச் சிறையில் கிடந்தான். மூடியைக் கழற்றி வைத்ததற்காக, கவனக்குறைவு என்று கொளஞ்சிநாதன் மேலும் ஒரு வழக்கு வந்தது. அவருக்கு ஜாமீன் அன்றைக்கே கிடைத்தது. ராஜாங்கம் ஒரு வக்கீலைப் பிடித்து நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டான்.

வீட்டுக்கு வந்தபின் மணிமொழிக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. அவ்வளவு கத்தியும் அவன் ஏன் நிறுத்தவில்லை? குழம்பு ஊற்றிக் கொடுத்த கைதானே. ராத்திரியும் பகலும் அதையே கேட்டுக்கொண்டு, அவன் மேல் வெறுப்பை வளர்த்துக்கொண்டாள். சிறையில் இருக்கிற அவனுக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்தபோது, போகட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், ராஜாங்கம் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், புத்ராமோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். வெகு காலமாக இங்கே இருப்பவன், தமிழ் பேசுவான். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். நீங்க அன்னிக்கு சாலு சொல்லலையா?"

"சொன்னனே. சாலு சாலுன்னு தொண்ட கிழியக் கத்தனேன். அவன் நிறுத்துனானா?"



"எங்க பேச்சுல சாலுன்னா ஓடவிடுன்னு அர்த்தம், அக்கா. நீங்க சொன்னதத்தான் அவன் செஞ்சான்."

மணிமொழி உட்கார்ந்துவிட்டாள். அவன் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அடுப்பில் உலை பொங்கி வழிந்து அணைந்தது. புத்ராம் நிறுத்தவில்லை என்று நினைத்து இவள் இன்னும் பலமாகக் கத்தினாள். கத்தக் கத்த அவன் இன்னும் அழுத்தமாகச் சுவிட்சைப் பிடித்திருந்தான். தன் கையைத் தின்னச் சொல்லித் தானே மிஷினுக்குக் கட்டளை போட்டிருக்கிறாள். அதுவும் போகட்டும் என்று விடலாம். அவனை உள்ளே தள்ளியதும் இந்த வாய்தான்.

ராஜாங்கம் வந்ததும் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நிதானமாகப் பேசினான். "நீயே ஓடவுடச் சொன்னன்னு ஆயிட்டா நஷ்டஈடு எவன் குடுப்பான்? அதுவும் இல்லாம, கோர்ட்ல நின்னு நான் தெலுங்குக்காரின்னு ஊருக்கே சொல்லப் போறியா? வாயத் தொறக்காத."

அவள் திறக்கவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. மணிமொழி மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். பயம் இருந்தது. கை போனவளைப் புருஷனும் விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கணக்கும் இருந்தது. தீபாவளி போயிற்று. பொங்கல் போயிற்று. புத்ராம் உள்ளேயே இருந்தான்.

தைப்பூசக் கூட்டத்துக்கு வடலூருக்கு வந்திருந்த கொளஞ்சிநாதன், அப்படியே ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். அந்த அறைத்தோழன் அவரிடமும் போயிருக்கிறான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தோளைப் பார்க்காமல் பேசினார். நடந்தது பாஷையால் வந்த விபத்து என்று மணிமொழி கோர்ட்டில் சொன்னால் போதும். புத்ராம் வெளியே வந்துவிடுவான், தன் வழக்கும் நிற்காது. பாவாடையை அனுப்பிவிட்டார், மேஸ்திரி வேலை காலியாக இருக்கிறது, ராஜாங்கம் எத்தனை நாளைக்குக் காண்ட்ராக்டில் கிடப்பான்? நஷ்டஈட்டு மனுவை மட்டும் திருப்பி வாங்கிவிட வேண்டும்.

மணிமொழி, மூடி இல்லாததையும் பொத்தான் உடைந்திருந்ததையும் சேர்த்துச் சொல்வேன் என்றாள்.

"தாராளமா சொல்லும்மா. ஆனா அத ஒன்ன யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் கொளஞ்சிநாதன். "நான் ஒன்ன பொய் சொல்லச் சொல்லல. நடந்ததத்தான் சொல்லச் சொல்றேன்."

அவர் போனபின் ராஜாங்கம் ஒரு ஆப்பிளை நறுக்கி அவளிடம் நீட்டினான். கல்யாணமான புதிதில் பேசிய அதே கொஞ்சுகிற குரலில் சொன்னான்.

"சாலுன்னுதான கத்துன? அதச் சொல்றதுல ஒனக்கு இன்னா கஷ்டம்? எங்க, ஒருவாட்டி சொல்லு பாக்கலாம்."

அந்தப் பாஷைக்காகப் பல்லை உடைத்தவன் அவன். அவள் ஆப்பிளை வாங்கிக்கொண்டாள். சொல்வதற்கு அவள் ஒப்புக்கொண்டது அவனுக்காகவும் இல்லை, கொளஞ்சிநாதனுக்காகவும் இல்லை. ஆனால் யாருக்காகச் சொன்னாலும் அவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கோர்ட்டில் அவள் அதைச் சொன்னாள். சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னாள். உங்கள் தாய்மொழி என்ன என்று வக்கீல் கேட்டார். தெலுங்கு என்றாள். ஊர்க்காரர்கள் சிலர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பக்கத்து ஆளின் காதில் ஏதோ சொன்னான், இருவரும் சிரித்தார்கள். மூடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி அவளுக்குச் சொல்லப்பட்டது. வெளியே வந்ததும் கொளஞ்சிநாதன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

புத்ராமை விடுவித்த அன்று அவள் கிளைச் சிறை வாசலில் போய் நின்றாள். ராஜாங்கத்துக்குச் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருந்தாள். அறைத்தோழன் அவனுடைய துணிப்பையோடு காத்திருந்தான். மன்னிப்புக் கேட்க இந்தியில் எப்படிச் சொல்வது என்று அவனிடம் கேட்டு, வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

புத்ராம் வெளியே வந்தான். பாதியாக இளைத்திருந்தான். இடது கண் இருந்த இடம் மூடித் தைத்தது மாதிரி இருந்தது. இவளுடைய வலது கை இருந்த இடத்தை மற்றக் கண்ணால் வெகுநேரம் பார்த்தான். அவள் கற்றுக்கொண்டு வந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டு தமிழில் பேசினான். சிறையில் அவனுக்கு நம் பேச்சு நன்றாக வந்திருந்தது.

"போலீசு கேட்டப்போ போதும்னு சொன்னியே" என்றான். "போதும்னா எனக்குத் தெரியும். அன்னிக்கு எங்கிட்ட ஏன் அதச் சொல்லல?"

தீதி என்று அவன் கூப்பிடவில்லை. அவன் பதிலுக்காக நின்றதாகவும் தெரியவில்லை. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பஸ்ஸைக் கேட்டு ஏறினான். அறைத்தோழனும் கூடவே போனான். பஸ் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். வாசல் காவலர் உள்ளே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நஷ்டஈட்டு மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு ராஜாங்கம் மேஸ்திரி ஆனான். பழைய மாதிரியே மிக்சர் ஓடியது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவன் தன் பெண்டாட்டி கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வான் என்று கேள்வி. தெருப் பிள்ளைகள் அவளைக் கண்டால் "சாலு, சாலு" என்று கத்திக்கொண்டு ஓடும். என்ன பொருள் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் ராஜாங்கமே, சாம்பார் ஊற்றும்போது அவள் பாத்திரத்தைத் தவறவிட்டதற்கு, அந்தச் சொல்லால் அவளைக் கூப்பிட்டான்.

அன்றைக்கு அவள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பினாள். சத்யப்பிரியாவையும் கூப்பிட்டாள். விருத்தாசலத்தில் காலேஜ் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த சத்யப்பிரியா வாசற்படியிலேயே நின்று யோசித்தாள். பிறகு, "நீ போய் இரும்மா. எனக்கு அங்கல்லாம் வந்து இருக்க முடியாது" என்றாள். அந்தக் குடிசைப் பகுதியில் போய் இருந்தால் தனக்கும் கொல்டி என்று ஒரு பெயர் விழுந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. மணிமொழி அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டாள்.

மருதமுத்தும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. அந்தக் குடிசையில் இப்போது இருக்கிற தம்பியிடம் அவளுக்கு ஒரு மூலை கிடைத்தது. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு கையால் கொட்டையைப் பிடித்து மறு கையால் தட்ட வேண்டிய வேலை. வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது தம்பியின் ஆடுகளை மேய்க்கிறாள்.

காலையில் சுரங்கத்து மண்மேட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவாள். ஆடுகளோடு அவள் பேசுவது தெலுங்கு. சத்தமாகவே பேசுவாள், திட்டுவாள். அவை கேட்கும், சில சமயம் கேட்காது. மண்மேட்டில் வைத்த மரக்கன்றுகளை ஆடு கடிக்கிறது என்று செக்யூரிட்டி ஆட்கள் வருவார்கள். ஒருவர் ராணுவத்தில் இருந்தவர், ஒருவர் வேறு ஏதோ மாநிலம். தூரத்திலிருந்தே கையை வீசிக் கத்துவார்கள். என்ன மொழியில் கத்துகிறார்கள் என்று மணிமொழி காதுகொடுத்துக் கேட்பதில்லை. இடது கையில் கோலை எடுத்துக்கொண்டு, ஆடுகளை மறுபக்கம் திருப்பிவிடுகிறாள்.